சிறுகதை: அளவா, அமைப்பா?

மலாய்ப் பாடத்தில் நாம் 'செர்பென்' படிக்கிறோம். தமிழ்ப் பாடத்தில் சிறுகதை படிக்கிறோம். செர்பென் என்பது 'செரித்தா பெண்டேக்' என்பதன் சுருக்கம். பெண்டேக் என்றால் நீளம் குறைந்தது. செரித்தாவோ வடமொழிச் 'சரித'த்தின் வழி வந்தது. நம் சரித்திரமும் அதே வேரினது. பினாங்குத் துறைமுகம் தோன்றுமுன்பே கடல் கடந்த சொல் அது!

இரு பெயர்களுமே அளவைச் சுட்டுவதால், சிறுகதை என்றால் நாலைந்து பக்கக் கதை என்ற எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. போட்டி அறிவிப்பு வந்ததும் நாம் முதலில் தேடுவது பக்க வரம்பைத்தான். பிறப்பு முதல் இறப்பு வரையிலான ஒரு வாழ்க்கையை ஐந்து பக்கத்தில் அடைத்து, இறுதியில் ஓர் அறிவுரையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். அது சுருக்கிய நாவலே அன்றிச் சிறுகதை ஆகாது.

நம் முன்னோடிகள் அளவைப் பெயராக்கவில்லை. 1888இல் சிங்கப்பூரின் 'சிங்கை நேசன்' இதழில் மகதூம் சாயபு எழுதிய 'வினோத சம்பாஷணை'யை இவ்வட்டாரத்தின் முதல் சிறுகதை என்று கருதும் ஆய்வாளர் உண்டு. அதற்கு அவர் இட்ட பெயர் சம்பாஷணை. 1930இல் மலாயாவில் வெளிவந்த வே. சின்னையாவின் 'நவரச கதா மஞ்சரி' தன்னைக் 'கற்பித கதைகள்' என்றது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேச'னில் நடத்தியதும் 'கதை வகுப்பு'தான்.

அளவுகோல் எவ்வளவு பலவீனமானது என்பதற்குப் புதுமைப்பித்தனே சான்று. அவருடைய 'பொன்னகரம்' சில பக்கங்களில் முடிந்துவிடும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டும் 'துன்பக்கேணி'யோ பல மடங்கு நீளமானது. இரண்டையும் சிறுகதைத் தொகுப்பிலேயே வாசிக்கிறோம். ஒரே அமர்வில் படித்து ஒரே உணர்வைப் பெற வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இலேயே சொன்னதும் அமைப்பைப் பற்றித்தான்.

ஆகவே, 'சிறு' என்பது குவிவைக் குறிக்கிறது என்பேன். ஒரு சிக்கல், ஒரு திருப்பம், வாசகர் மனத்தில் தங்கும் ஓர் உணர்வு, அவ்வளவே. ஓரிரு பக்கத்தில் முடியும் ஆக்கங்களுக்குக் 'குறுங்கதை' என்ற பெயர் இன்று வழங்குகிறது. அவற்றைத் தனிப் பிரிவாகவே வைப்போம்.

போட்டி நடத்தும் தமிழ்க் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்க வரம்பு இருக்கட்டும். ஆனால் நடுவர்கள் கதையில் எதைத் தேடுவார்கள் என்பதையும் அறிவிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரும் முதலாண்டு மாணவருக்கு அந்த இரண்டு வரியே முதல் பாடமாகும்.