வலையிலிருந்து வகுப்புக்கு

பள்ளிக்கூடச் செலவுக்குப் பணம் வந்ததே பறவை வேட்டையில்தான். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமே பறவையைக் கொல்லக்கூடாது என்று பாடம் நடத்த வேண்டும். நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில், லோதா நாகர்கள் வாழும் பாங்டி கிராமத்தில் 2013இல் பாடம் நடத்த முன்வந்தவர்களுக்கு இருந்த சிக்கல் இதுதான்.

பாடத்தின் நாயகன் அமூர் வல்லூறு. எடை 200 கிராம்கூடத் தேறாது. சைபீரியா, வடசீனப் பகுதிகளிலிருந்து கிளம்பி, அக்டோபர், நவம்பரில் தோயாங் நீர்த்தேக்கத்தருகே லட்சக்கணக்கில் தங்கி, ஈசலை வயிறாரத் தின்றுவிட்டு, அரபிக்கடலை இடையில் இறங்காமல் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகிறது.

2012இல் அந்தப் பயணம் இங்கேயே முடிந்தது. உயரக் கட்டிய மீன்பிடி வலைகளில் அந்தப் பருவத்தில் மட்டும் 1.2 லட்சம் முதல் 1.4 லட்சம் பறவைகள் சிக்கியிருக்கும் என்று நேரில் போய்ப் பதிவு செய்த குழு கணக்கிட்டது. படங்கள் வெளியானதும் உலகமே பாங்டியைத் திட்டியது. திட்டியவர்களில் எத்தனை பேர் அந்த ஏரியின் கதையைக் கேட்டார்கள்? நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டியபோது ஊரின் நல்ல விளைநிலங்கள் மூழ்கிப்போயின. நிலம் போனவர்கள் மீன் பிடித்தார்கள். பிறகு அதே வலையில் பறவை பிடித்தார்கள்.

குழுவில் இருந்த பத்திரிகையாளர் பானோ ஹராலு படம் எடுத்ததோடு நிற்கவில்லை. அவரது அறக்கட்டளையின் முயற்சியில் பாங்டி, ஆஷா, சுங்ரோ கிராமங்களில் பிள்ளைகளுக்கு இயற்கைச் சங்கங்கள் தொடங்கின. பாடம் சொன்னவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. வெளியூர்க்காரர் மட்டும் வந்து அப்பாவைக் குற்றவாளி என்றால் எந்தப் பிள்ளை காது கொடுக்கும்?

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கிராம சபை வேட்டைக்குத் தடைபோட்டு அபராதம் விதித்தது. தேவாலயங்கள் எடுத்துச் சொல்லின. பறவை தங்கும் நிலத்துக்காரர்கள் சங்கம் வைத்துக் காவல் காத்தார்கள். 2013 பருவத்தில் வலை விரியவில்லை. பாடத்தால் மட்டும் இது நடந்தது என்று சொல்வது பிள்ளைகள் தலையில் அதிக பாரம் ஏற்றுவதாகும்.

அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டுப் பறக்கவிட்டார்கள். தங்கள் ஊர்ப் பெயர் கடல் தாண்டி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் வரைபடத்தில் தேட முடிந்தது. எத்தனை புத்தகம் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

பறவை பார்க்க இப்போது பயணிகள் வருகிறார்கள். ஆனால் அந்தப் பருவம் சில வாரங்கள்தான். அந்தப் பணமும் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. 2013இல் பத்து வயதில் பாடம் கேட்டவர்களுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டிய வயது. மூழ்கிய வயல்கள் இன்னும் தண்ணீருக்கடியில்தான் இருக்கின்றன.