கூலி என்பது ஆளின் பெயரா?

கூலி என்னும் சொல் தமிழில் ஆளைக் குறிக்கப் பிறந்ததன்று. ஒருவன் செய்த வேலைக்கும், ஒருவர் பொருளை மற்றொருவர் சிலகாலம் அனுபவித்ததற்கும் கொடுக்கவேண்டிய தொகைக்கே அது பெயர். வீட்டு வாடகையைக் குடிக்கூலி என்றே நம் முன்னோர் வழங்கினர். (வாடகை என்ற சொல் வந்து அதைப் பேச்சினின்றும் வெளியேற்றிவிட்டது; அகராதியில் மட்டும் இன்னும் குடியிருக்கிறது.) முயற்சியின் பலனைச் சொல்லுமிடத்தில் திருவள்ளுவரும் இச்சொல்லைக் கூசாமல் ஆண்டிருக்கிறார். ஆதலால் சொல்லில் இழிவு யாதொன்றுமில்லை.

அப்படியிருக்க, பினாங்குத் துறைமுகத்தில் இதற்கு நேர்ந்த கதி என்ன? நாகப்பட்டினத்தில் கூலி தேடிக் கப்பலேறிய தமிழன் இங்கே கூலியாகவே இறக்கப்பட்டான். கப்பற்செலவைக் கடனாக அவன் தலையில் ஏற்றி, அதை அவன் உழைப்பிலேயே கழித்துக்கொண்ட துரைமார், பெறவேண்டிய பணத்தின் பெயரைப் பெறுகிறவனுக்கே சூட்டினார்கள். குஜராத்திலுள்ள கோலி வகுப்பாரின் பெயரே இப்படித் திரிந்தது என்று வாதிப்பாரும் உண்டு. எவ்வாறாயினும் மலாய்க்காரரும் கூலி என்றனர். சீனரோ, கசப்பான வலிமை என்று பொருள்படும் இரண்டெழுத்துக்களால் அதை எழுதிக்கொண்டனர். உண்மைக்கு அருகில் நிற்பது சீனர் எழுத்தேயாகும்.

நாம் ஒன்று கேட்கிறோம். குடிக்கூலி வாங்குகிற வீட்டுக்காரரைக் கூலி என்று அழைத்தவர் உண்டா? அவர் முதலாளி! மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவோ ஐயா! உடம்பை வருத்திப் பெறுகிறவன் மாத்திரம் கூலியா? தோட்டத்து லயத்தில் அவனுக்குக் குடிக்கூலி இல்லை என்று பெருமை பேசினார்கள். குடிக்கூலி கொடாதவனுக்குக் குடியிருக்கும் உரிமையும் இல்லையன்றோ? வேலை போன அன்றே கூரையும் போயிற்று.

1910-இல் மலாயாவுக்கு ஒப்பந்த ஆள் சேர்ப்பு நின்றது. 1938-இல் கங்காணிகள் வழியே ஆள் அனுப்புவதையும் இந்திய சர்க்கார் தடுத்தனர். சொல்லைத் தடுப்பாரில்லை. பட்டணத்துத் தமிழர் அதைத் தோட்டத்துத் தமிழர்மேல் வீசினர். இன்று பினாங்குத் தொழிற்சாலைகளுக்கு வரும் வங்காளதேசத்தாரையும் நேபாளியரையும் நம்மவரே அவ்வாறு அழைக்கக் கேட்கிறோம். பாட்டன் பட்ட வசையைப் பேரன் பிறர்க்கு வழங்குவது என்ன நாகரிகம்?

இனி ஊதியம் என்று சொன்னாற் போதும் என்கின்றனர் சில கனவான்கள். நாம் ஒப்போம். ஆளைத் தொழிலாளி என்க; கூலியைக் கூலி என்றே சொல்லி, எவ்வளவு என்று உரக்கக் கேட்க. பெயரை மாற்றுவதில் முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை. அதனாலன்றோ அதற்கு மட்டும் அவர் உடனே சம்மதிக்கிறார்!