எந்தப் பூஞ்சையின் மரபணு?

"நெல் குலைநோய்ப் பூஞ்சையின் வித்து உற்பத்தியையும் தொற்றுத்திறனையும் இம்மரபணு கட்டுப்படுத்துகிறது." ஹைதராபாத்தின் கருத்தரங்குகளில் இவ்வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எந்தப் பூஞ்சையின் மரபணு என்று வினவினால், விடை பெரும்பாலும் கய்-11 அல்லது 70-15.

முன்னது தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் சேகரிக்கப்பட்டது. பின்னது, கய்-11இன் வழியையும் ஒருவகைப் புல்லைத் தாக்கும் பூஞ்சையின் வழியையும் கலந்து சோதனைக்கூடத்தில் பெறப்பட்ட சந்ததி. எந்த வயலிலும் வாழ்ந்ததில்லை. 2005இல் வெளியான மரபணுத்தொகுதி இதனுடையதுதான். (தொற்றுச் சோதனைக்கு உலகெங்கும் வளர்க்கப்படும் நெல்லோ நம் கோயம்புத்தூரின் கோ 39!)

இவற்றால் பயனில்லை என்று நான் கூறவில்லை. பிஎம்கே1 மரபணுவை நீக்கினால் வித்து முளைக்கும். இலையைத் துளைக்கும் அப்ரசோரியம் உருவாகாது. காயத்தின் வழியே செலுத்தினாலும் நோய் பரவாது. 1996இல் வெளியான இம்முடிவு பூஞ்சையின் அடிப்படை இயக்கத்தைப் பற்றியது. அத்தகையவற்றை எவ்வகையிலும் கற்கலாம்.

ஆனால் நெல் ரகம் தாங்குமா வீழுமா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் அப்படிப்பட்டவை அல்ல. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனா168 என்னும் தம் நாட்டு வகையை வாசித்தபோது, நெல்லின் எதிர்ப்புத்திறன் அடையாளம் காணும் மூன்று மரபணுக்கள் கிடைத்தன. அவை இருந்த பகுதிகள் 70-15இன் தொகுதியில் இல்லவே இல்லை. அதை மட்டுமே புரட்டிக்கொண்டிருந்தவர் ஆயுள் முழுதும் தேடினாலும் அவற்றைக் கண்டிருக்க முடியாது.

நாமோ ராஜேந்திரநகரில் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை வைத்துக்கொண்டு, குலைநோய்க்கு எளிதில் இரையாகும் சம்பா மசூரியை உண்டுகொண்டு, கயானாவின் பூஞ்சையை ஓட்ஸ் அகார் தட்டில் வளர்த்து வித்துகளை எண்ணுகிறோம்.

வயல் வகைகளைக் கையாள்வது கடினம், தட்டு மாற்றி மாற்றி வளர்த்தால் வித்து உண்டாக்குவதையே குறைத்துவிடும் என்பர். உண்மைதான். வித்து உற்பத்தியை ஆராய்வதாகச் சொல்லிக்கொள்பவருக்கு அது தடையா, ஆய்வுப்பொருளா? தென்னிந்திய வயலில் கிடைத்த பி157இல் பரோடா ஆய்வாளர்கள் மரபணுக்களைக் குலைத்துக் காட்டியிருக்கிறார்கள். பின்னர் அதன் மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டுவிட்டது. கருவி இல்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது.

தெலங்கானா வயலிலிருந்து எடுத்த ஒரு வகையிலேனும் அம்மரபணுவை நீக்கி, சம்பா மசூரியின் இலையில் தெளித்துப் பாருங்கள். அதுவரை ஆய்வேட்டின் தலைப்பில் 'குலைநோய்ப் பூஞ்சையில்' என்று எழுதாதீர்கள். 'கய்-11இல்' என்று எழுதுங்கள்.