எந்தத் தராசில் நிறுப்பது?

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் சிப்பந்திகளின் தகுதியை ஆண்டுதோறும் மேலதிகாரிகள் மதிப்பிடும் வழக்கம் எங்கும் வேரூன்றியிருக்கிறது. சம்பள உயர்வும், பதவி உயர்வும், சில சமயங்களில் வேலையில் நீடிப்பதுங்கூட அம்மதிப்பீட்டைப் பொறுத்தே நிற்கின்றன. அமைதியான காலத்தில் இவ்வழக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால் கொள்ளைநோயோ, புதிய இயந்திரமோ, நிர்வாக மாறுதலோ வேலைத்தலத்தையே தலைகீழாக்கிவிட்ட ஆண்டிலும் பழைய அளவுகோலையே நீட்டுவது நியாயமா? இக்கேள்வியை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் தேதி இரவு நாடெங்கும் ஊரடங்கு பிரகடனம் செய்யப்பெற்றது. அதற்கு முன் வகுத்திருந்த இலக்குகள் பல மறுநாளே பொருளற்றுப் போயின. கடைகள் அடைத்துக் கிடக்கையில் விற்பனைச் சிப்பந்தி எவரிடம் சென்று விற்பான்? பள்ளிகள் மூடியமையால், குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டே வீட்டில் அலுவல் பார்த்த தாயின் உழைப்பைத் தனியறையில் அமர்ந்திருந்தவனின் உழைப்போடு எப்படி ஒப்பிடுவது?

இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்காவின் பேஸ்புக் கம்பெனி ஒரு வழி கண்டது. 2020-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களுக்குத் தன் சிப்பந்திகள் அனைவரையும் எதிர்பார்ப்புக்கு மேம்பட்டவர்களாகவே மதிப்பதாக அறிவித்தது. இரக்கமுள்ள முடிவுதான், அச்சத்தால் நடுங்கியிருந்தவர்களுக்கு அது ஆறுதல் அளித்திருக்கும். எனினும், ஒருவரும் சொல்லாமலே பிறர் பாரத்தையும் சுமந்தவனுடைய உழைப்பு இம்முறையில் தனியே தெரியாமற் போகிறது. ஆறு மாதத்துக்கு ஏற்ற மருந்து ஆண்டுக்கணக்கில் உணவாகாது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தலைவராயிருந்த ஜாக் வெல்ச், நூற்றுக்கு 20 பேர் மேல்வரிசை, 70 பேர் நடுவரிசை, 10 பேர் கடைவரிசை என்று பகுத்துக் கடைவரிசையாரை விலக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். அனைவரும் திறம்பட உழைத்தாலும் யாராவது பத்துப் பேர் கடைசியில் நின்றே தீரவேண்டும் என்பது இம்முறையின் விதி. குழப்பமான ஆண்டில் அப்பத்துப் பேர் யாராக இருப்பர்? நோயுற்றவர், நோயாளிக்குப் பணிவிடை செய்தவர், நின்றுபோன திட்டத்தில் அகப்பட்டவர் ஆகியோரே பெரும்பாலும் அவ்வரிசைக்குத் தள்ளப்படுவர். சிப்பந்திகளை வலிந்து வரிசைப்படுத்தும் இத்தகைய முறையை மைக்ரோஸாப்ட் கம்பெனி 2013 நவம்பரில் கைவிட்டது.

கொள்ளைநோய் தணிந்தது, குழப்பம் தணியவில்லை. செயற்கை நுண்ணறிவு வந்து கணிப்பொறித் தொழிலை உருமாற்றி வருகிறது. டாட்டா கன்ஸல்டன்ஸி ஸர்வீஸஸ் கம்பெனி தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு இருவரை, அதாவது சுமார் 12,000 பேரை விலக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலை உத்தியோகஸ்தர்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்பின்போது கடைசியில் சேர்ந்தவரையே சாதாரணமாக முதலில் விலக்கவேண்டும் என்றும், அவ்விதியினின்று வழுவினால் காரணத்தை எழுதி வைக்கவேண்டும் என்றும் வகுத்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி நிலைத்திருக்கிறது. ஆயினும் நிர்வாகப் பொறுப்பிலுள்ளோரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளம் பெறும் மேற்பார்வையாளரும் சட்டம் கூறும் ‘தொழிலாளி’ ஆகார். ஆகவே அவர்களுடைய கதி பெரிதும் மேலதிகாரியின் மதிப்பீட்டிலேயே தொங்குகிறது.

சர்க்கார் ஊழியர் விஷயத்தில் நீதிமன்றம் நல்லதொரு வழி காட்டியிருக்கிறது. எல்லைச் சாலைப் பணியில் பொறியாளராயிருந்த ஒருவருக்கு 1993-94-ஆம் ஆண்டின் அந்தரங்கக் குறிப்பில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டும். அக்குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவேயில்லை. தேவ தத்தர் வழக்கென்று பெயர் பெற்ற இவ்வழக்கில், குறிப்பு நல்லதாயினும் தீயதாயினும் ஊழியருக்குத் தெரிவித்து, அவர் மறுமொழி கூற இடந்தர வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு தனியார் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலுள்ள நியாயம் அவர்களுக்கும் பொதுவானதே.

ஆகையால் முதலாளிமாருக்கு நாம் கூறுவது இது. குழப்பம் நேர்ந்தவுடனே பழைய இலக்குகளைத் திருத்தி, எழுத்தில் கொடுங்கள். ஆண்டின் இறுதியில் பழைய ஏட்டைப் புரட்டாதீர்கள். குழப்பத்துக்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் தனித்தனியே மதிப்பிடுங்கள். சிப்பந்தியின் கைக்கு எட்டாத தடைகள் எவை என்பதை மதிப்பீட்டிலேயே குறியுங்கள். புதிய தொழிலைக் கற்கும்படி ஏவினால், கற்பதற்குப் போதிய காலமும் அளித்த பின்னரே அளவுகோலை எடுங்கள். எழுதியதை அவனுக்குக் காட்டி, அவன் மறுமொழியையும் உடன் சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்குறைப்புக்கு மதிப்பீட்டை முகமூடியாக்காதீர்கள். பணமுடையால் ஆளைக் குறைப்பதானால் பணமுடை என்றே சொல்லுங்கள். வேலை இழப்பவனுக்குத் திறமையற்றவன் என்ற பழியையும் சேர்த்துச் சுமத்துவது கொடுமை. அப்பழி அவன் அடுத்த உத்தியோகம் தேடிச் செல்லும் வாயில்தோறும் அவனைத் தொடரும்.

‘நெருக்கடியிலேதான் திறமைசாலி யாரென்று தெரியவேண்டும், அப்பொழுது தாட்சிண்ணியம் ஆகாது’ என்று சிலர் வாதிப்பர். திறமையை அறிய வேண்டுமென்பதில் நமக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் வெள்ளத்தில் சாய்ந்த பயிரைக் கண்டு உழவன் சோம்பேறி என்று தீர்ப்புக் கூறுபவன் உழவனையும் அறியான், வெள்ளத்தையும் அறியான். அவன் நல்ல உழவனை இழந்து நிற்பான்.

சங்கங்களில் உழைக்கும் நம் நண்பர்கள் கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிப் போராடுகிறார்கள். இனி, தம்மை அளக்கும் கோல் எது, அதை யார் பிடிக்கிறார், தம் மறுமொழியைக் கேட்பவர் யார் என்பவற்றையும் அவர்கள் தங்கள் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும்.