கடை எந்தத் தெருவில்?

2020 செப்டம்பரில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வட்டவடை என்கிற மலை ஊரில் ஒரு சலூன் திறந்தார்கள். கடை போட்டது பஞ்சாயத்து. திறந்து வைத்தவர் தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ்.ராஜேந்திரன். முடி வெட்டுற கடையைத் திறக்க எம்.எல்.ஏ. எதுக்கு வரணும்? அந்த ஊரில் அதுவரைக்கும் நம்ம ஜனங்களின் தலையில் கத்தரி வைக்க ஒரு கடை கிடையாது. அதுக்குத்தான்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி உள்ளே போனால் வட்டவடை. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. மாநிலம் கேரளம், பேச்சு தமிழ். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு விளைகிற மண். அங்கே இருக்கிற சக்கிலியர் குடும்பங்கள், நாம் இங்கே அருந்ததியர் என்று சொல்லும் அதே ஜனம். பூண்டு பிடுங்க அந்தக் கை வேணும், மூட்டை தூக்க அந்தத் தோள் வேணும், தலை மட்டும் சலூன் நாற்காலியில் சாயக் கூடாது. முடி வெட்ட மூணாறுக்கு பஸ் ஏறணும், இல்லை வீட்டுத் திண்ணையில் ஒருத்தருக்கொருத்தர் வெட்டிக்கணும். தலைமுறை தலைமுறையாக இதுதான் நடைமுறை.

இளைஞர்கள் கேள்வி கேட்டார்கள். பஞ்சாயத்து தலையிட்டது. எல்லோருக்கும் வெட்டு, இல்லையென்றால் கடையை மூடு என்றது. கடைகள் மூடப்பட்டன. வருமானம் போனாலும் போகட்டும், உன் தலையைத் தொட மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். அதற்குப் பிறகு பஞ்சாயத்து தானே ஒரு கடையைத் திறந்தது. வைக்கத்தில் தெருவுக்காகப் போராட்டம் தொடங்கியது 1924-ல். திருவிதாங்கூரில் கோயில் கதவு திறந்தது 1936-ல். அதே கேரளத்து மலையில் ஒரு நாற்காலி கிடைக்க 2020 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. சாமி இறங்கி வந்துட்டார், சலூன் நாற்காலி இறங்கவில்லை.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1948 நவம்பர் 29-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், 'கடை' என்ற சொல்லை உள்ளே நுழைய விடுகிற இடம் என்ற குறுகிய பொருளில் தான் பயன்படுத்தவில்லை என்று விளக்கினார். கேட்டு வருகிற யாருக்கும் தன் சேவையைத் தரத் தயாராக இருக்கும் எவரும் அந்தச் சொல்லுக்குள் வருவார் என்றார். அந்தச் சொல்தான் இன்றைக்கு அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் இருக்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதுவே 1976 திருத்தத்தில் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. சேவை மறுப்பது அதில் குற்றம். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்துவிட்டது. காகிதத்தில் நம்ம தலைமுடிக்குக் காவல் பலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வழக்குப் போட்டால் யார் உள்ளே போகிறான்? கத்தரி பிடித்தவன். அவனோடு கதை முடிந்துவிடுகிறது. இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

2020 நவம்பரில் வெளியே வந்த சேதி இது. கர்நாடகத்தில் மைசூர் மாவட்டம், நஞ்சன்கூடு வட்டம், ஹல்லாரே கிராமம். தலித்துகளுக்கு முடி வெட்டினார் என்பதற்காக ஒரு நாவிதருக்கு ஊர்ப் பெரிய மனுஷங்க 50,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். அவர் வெட்டத் தயார். வெட்டினார். வெட்டியதற்குத்தான் தண்டனை. ஆக, மறுப்பு எப்போதும் அந்தக் கையில் பிறப்பதில்லை. அந்தக் கைக்கு உத்தரவு போடும் வாய் வேறு எங்கோ, நிலமும் ஆள்பலமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நாவிதர் சாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் 'குடிமகன்'. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவன் வேணும். பிரசவம் பார்க்க அந்த வீட்டுப் பெண் வேணும். மருந்து அரைத்துக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். கூலி என்னவோ களத்து மேட்டில் அள்ளிப் போடுகிற நெல். காலையில் முகத்தில் முழித்தால் ஆகாது என்பது கூடுதல் பரிசு. அவர்கள் சாதிப் பெயரே தமிழில் வசவுச் சொல்லாகப் புழங்குகிறது. நம்ம சேரியிலும் புழங்குகிறது என்பதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அடிபட்டவன் இன்னொரு அடிபட்டவனைத் தொட மாட்டேன் என்பதுதான் சாதியின் கெட்டிக்காரத்தனம். ஏணியில் ஒரு படி மேலே நிற்கிற சுகத்தைக் காட்டியே ஏணியைக் காப்பாற்றிக்கொள்ளும்.

அதே கத்தி எதிர்ப்பக்கம் திரும்பியதும் உண்டு. 1890-ல் பம்பாயில், ஜோதிபா புலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த லோகாண்டேயின் முயற்சியில் நாவிதர்கள் கூடினார்கள். விதவைகளின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்றார்கள். பார்ப்பனியத்தின் சடங்கு ஒன்றுக்கு உழைப்பாளி தன் கையைத் தர மறுத்தான். மறுப்பு என்பது இப்படி மேலே பார்த்து வரணும். கீழே பார்த்து வருகிற மறுப்பு யாருக்கோ செய்கிற எடுபிடி வேலை.

சரி, அவன் வெட்டலைன்னா போறான், நாமே கடை போட்டுக்கலாம் என்கிறார்கள் நம்ம பசங்க. நியாயமான ரோஷம். கற்றுக்கொள்ள முடியாத வித்தை ஒன்றுமில்லை. ஆனால் கடையை எங்கே போடுவது? காலனிக்குள்ளேயா?

இந்தக் கேள்வியில்தான் எனக்குப் பிடிவாதம். சேரிக்குள்ளே சேரிக்காக ஒரு சலூன் வந்தால் ஊர்க்காரன் வருத்தப்பட மாட்டான், சந்தோஷப்படுவான். அவன் நாற்காலி பத்திரம். டீக்கடையில் இரண்டு குவளை, ஊருக்கு இரண்டு சுடுகாடு, அப்படியே இரண்டு சலூன். அவன் சொல்லிச் செய்ததை நாம் சொந்தச் செலவில் செய்து கொடுத்தது போலாகும். நம்ம வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஊர் வண்ணார் நமக்கு வெளுக்க மாட்டார், ஆகவே நமக்கென்று புதிரை வண்ணார். விளைவு என்ன? நமக்குச் சேவை செய்ததற்காகவே அந்த ஜனம் நமக்கும் கீழே தள்ளப்பட்டது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். நாமும் அவர்களைச் சமமாக நடத்தியதில்லை. தனிச் சேவை சாதியை ஒழிக்காது, இன்னொரு படியைக் கட்டும்.

வட்டவடையின் முக்கியத்துவம் இங்கேதான். அந்தப் பஞ்சாயத்து 'சக்கிலியருக்கு ஒரு சலூன்' என்று திறக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவானது என்று அறிவித்துத் திறந்தது. வரமாட்டேன் என்கிறவன் வரவேண்டாம், மூணாறுக்குப் போகிற பஸ் அவனுக்கும்தான் ஓடுகிறது. முறை மாறிவிட்டது பாருங்கள். நேற்றுவரை பஸ் ஏறியவன் நாம்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். தண்டலத்தில் மலை இல்லை. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலை இருக்கிறது. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், தள்ளிப் போனால் ஒரகடம். 1990-களின் கடைசியில் ஹூண்டாய் கார் வெளியே வரத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் ஏரிக்கரையும் கம்பெனிச் சுவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஷிப்ட் முடிந்து வருகிற பையன் யூனிபாரத்தோடு சலூனில் உட்காருகிறான். பீகாரா, ஒடிசாவா, திருவண்ணாமலையா, கடைக்காரருக்குக் கவலையில்லை. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு அனுப்புகிறார். சாதி ஒழிந்துவிட்டதா? இல்லை. முகவரி தெரியவில்லை, அவ்வளவுதான். அதே பையன் லீவுக்குச் சொந்த ஊர் போனால் எந்தத் தெரு என்று தெரியும். அங்கே அவன் தலை மறுபடியும் சேரித் தலை.

இங்கே வாடிக்கையாளனாக உட்காருவது சுலபம். முதலாளியாக நிற்பதுதான் கஷ்டம். நான் பேங்கில் குமாஸ்தா. விண்ணப்பம் வாங்கி முத்திரை குத்துகிற மேஜை என்னுடையது. காலனிப் பையன் ஒருத்தன் வந்தான். வேறொரு கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தவன், கை நல்ல கை. மெயின் ரோட்டில் கடை போடணும் என்றான். வாடகைக் கடை கிடைத்தது, அட்வான்ஸும் பேசியாகிவிட்டது. கட்டட உரிமையாளர் கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நீ எந்தத் தெரு?" அதோடு பேச்சு நின்றது. கடைக்கு ஒப்பந்தம் இல்லை என்றால் கடன் மனு நகராது. மனு கட்டோடு கட்டாக இருக்கிறது. சாதி என்ற வார்த்தை அதில் எந்தத் தாளிலும் இல்லை.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2015-ல் முத்ரா வந்தது. 2016-ல் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது. ஒவ்வொரு கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடி ஆளுக்காவது கடன் தரணும் என்றார்கள். ஆனால் அதன் கீழ்வரம்பே 10 லட்சம். இரண்டு நாற்காலி சலூனுக்கு அது பொருந்தாத சட்டை. 2025 மார்ச்சோடு அதன் காலமும் முடிந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில்களில் முடி திருத்துவதும் ஒன்று. குடும்பத்தின் பாரம்பரியத் தொழிலாக இருக்கணும் என்பது அதன் அடிப்படை. நாவிதர் மகன் நாவிதனாகவே இருக்கக் கடன். சக்கிலியர் மகன் கத்தரி பிடிக்க அதில் இடம் எங்கே? 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வி, வட்டிச் சலுகையோடு திரும்பி வந்திருக்கிறது. தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. 2025 ஏப்ரலில் நம்ம பக்கத்துக் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழிலா என்று அதில் கேட்கவில்லை. வரவேற்கலாம். ஆனால் பணம் கொடுக்கிற எந்தத் திட்டமும் கடைக்கு இடம் கொடுப்பதில்லை. இடம்தான் சாதி.

பணம் பெரிதாக இருந்தால் இந்தத் தொழிலின் தீட்டு எப்படிப் போகிறது என்றும் பார்க்கிறோம். ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, சங்கிலிக் கடை திறந்தால் எந்தச் சாதிக்காரனும் உரிமையாளன் ஆகலாம். வெட்டுகிறவனுக்கு 'ஸ்டைலிஸ்ட்' என்று பெயர். முதல் போடுகிறவனுக்கு இது பிசினஸ், கை போடுகிறவனுக்கு மட்டும் குலத்தொழில்.

ஆகவே நான் கேட்பது இது. பஞ்சாயத்தும் பேரூராட்சியும் கட்டுகிற வணிக வளாகங்களில் பொது சலூனுக்கு ஒரு கடை ஒதுக்கணும். அதை நடத்தும் உரிமையில் தலித் இளைஞர்களுக்கு முன்னுரிமை வேணும். கடை பஸ் நிற்கிற இடத்தில், மெயின் ரோட்டில் இருக்கணும். சேவை மறுத்த வழக்குகளில் கத்தரி பிடித்தவனோடு போலீஸ் நிற்கக் கூடாது. தீண்டாமையைக் கடைப்பிடிக்கத் தூண்டுவதும் குற்றம் என்கிறது 1955 சட்டத்தின் 7-ஆவது பிரிவு. அந்தப் பிரிவைத் தூசு தட்டி, உத்தரவு போட்ட பெரிய மனுஷன் பெயரையும் குற்றப்பத்திரிகையில் எழுதணும். ஹல்லாரேயில் நடந்தது போல வெட்டத் துணிந்து அபராதம் சுமக்கிற நாவிதர் பக்கம் முதலில் போய் நிற்கவேண்டியது நம்ம இயக்கங்கள். அவர்கள் சாதிப் பெயரை வசவாகச் சொல்வதை நம்ம வாயிலிருந்தும் எடுத்துப் போடணும்.

சொந்தக் கடை வேணும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. சேரிக்குள் ஒளிந்துகொண்டு நடத்தும் சொந்தம் வேண்டாம். ஊர்த் தெருவில் பலகை மாட்டணும். பலகையில் உரிமையாளர் பெயர் இருக்கணும். உள்ளே வருகிறவன் யாராக இருந்தாலும், வரிசைப்படி உட்கார்ந்து காத்திருக்கணும்.