பத்துப் பனியன் கேட்பவருக்கும் ஒரு கடை வேண்டும்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் நத்தம் சாலையிலும் பழனி சாலையிலும் பாதயாத்திரைக் கூட்டம் நம் கடைகளைத் தாண்டித்தான் போகிறது. தண்ணீர், பிஸ்கட், கற்பூரம், தைலம் என்று நம்மிடம் வாங்கிப் போகிறார்கள். அண்மை ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தில் ஒரு புதிய பழக்கத்தைக் காண்கிறோம். ஊர்ப் பெயரும் குழுவின் பெயரும் பொறித்த ஒரே நிறப் பனியன் அணிந்து பலர் வருகிறார்கள். கபடிக் குழு, பழைய மாணவர் சந்திப்பு, ஜல்லிக்கட்டு என்று எங்கும் இதுவே வழக்கமாகி வருகிறது. எங்கே செய்தீர்கள் என்று கேட்டால், "ஆன்லைனில் போட்டோம்" என்கிறார்கள். அல்லது வெளியூர் பெயர் ஒன்றைச் சொல்கிறார்கள். நம் தெருவில் பிறந்த ஆர்டர், நம் தெருவை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

"நம் கடை மூலையிலேயே ஒரு இயந்திரம் போட்டால் என்ன?" என்று வணிக நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். படித்து முடித்த பிள்ளை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைகளில் இந்தக் கேள்வி இன்னும் அதிகம். செய்யலாம் என்பதே நம் கருத்து. ஆனால் இயந்திரம் விற்பவர் சொல்லும் கணக்கில் அல்ல. வணிகன் போடும் கணக்கில் செய்ய வேண்டும்.

தொழில் இதுதான்

வினைல் என்னும் மெல்லிய தாளின் ஒரு பக்கத்தில் சூட்டில் இளகும் பசை இருக்கிறது. மறுபக்கம் கண்ணாடி போன்ற ஒரு தாங்கு தாள். வேண்டிய எழுத்தை இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவது போல வெட்ட வேண்டும். வேண்டாத பகுதியை ஊசி முனையால் உரித்தெடுத்துவிட்டு, பனியன் மேல் வைத்து, ஹீட் பிரஸ் என்னும் சூட்டு அழுத்தியில் சில நொடிகள் அழுத்தினால் எழுத்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். மையும் இல்லை, காய வைக்கும் வேலையும் இல்லை.

திருப்பூர் பக்கத்தில் இருக்கும்போது நம்மிடம் யார் வருவார்கள் என்று கேட்கலாம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் தயாரிக்க வேண்டும். நூறு பனியனுக்கு அந்தச் செலவு தெரியாது. எட்டுப் பனியனுக்குக் கட்டாது. அதிலும் ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர், வேறு எண் என்றால் சட்டம் போட்டு மாளாது. ஆகவே பெரிய அச்சகத்தார் பத்துப் பனியனைக் கையால் தொடமாட்டார்கள். வினைலில் சட்டமே கிடையாது. பத்தும் பத்து விதமாக இருக்கலாம். நமக்குரிய இடம் அதுதான்.

நம் ஊர்ப் பூட்டே இதற்குப் பாடம். அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து குவிந்தபோது, விலையில் போட்டி போட்டு நம்மவர்களால் ஜெயிக்க முடியவில்லை. கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டைக் கோயில் கதவுக்கும் பெட்டகத்துக்கும் தேடி வந்து கேட்டவர்களால்தான் அந்தக் கைத்தொழில் உயிரோடிருந்தது. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. மொத்தத்தில் மோதாதே, தனி ஆர்டரில் நில் என்று பூட்டு நமக்குச் சொல்கிறது.

முதலில் எதை வாங்குவது?

வெட்டும் இயந்திரத்தை முதல் நாளே வாங்க வேண்டாம். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் அந்த இயந்திரம் ஏற்கெனவே ஓடுகிறது. வினைல் தாளை நாம் வாங்கிக் கொடுத்து, வெட்டுக்கூலி கொடுத்தால் போதும். கத்தி, வினைலை மட்டும் வெட்ட வேண்டும். தாங்கு தாளை அறுக்கக் கூடாது என்பதையும், எழுத்து இடம் வலம் மாறியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நாம் வாங்க வேண்டியது ஹீட் பிரஸ் ஒன்றுதான். அது பதினைந்துக்குப் பதினைந்து அங்குலத் தட்டு உள்ளதாக இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். வெற்றுப் பனியனுக்குத் திருப்பூர் காதர்பேட்டைக்குக் காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் சரக்கோடு திரும்பலாம். மாதம் பத்து ஆர்டர் நிலையாக வந்த பிறகு வெட்டும் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு கடன் உண்டு என்பது உண்மைதான். ஆர்டர் வருமுன் தவணை வந்துவிடும் என்பதும் உண்மை.

நாங்கள் பட்ட சூடு

எங்கள் கடையில் நடந்ததையே சொல்லிவிடுகிறோம். ஒரு கபடிக் குழுவுக்குப் பதினான்கு அரக்கு நிற பனியன்களில் வெள்ளை எண் ஒட்டிக் கொடுத்தோம். துணி பாலியஸ்டர். நாங்களோ பருத்திக்கு வைக்கும் சூட்டையே வைத்தோம். மாலையில் வாங்கிப் போனவர்கள் அன்றிரவே துவைத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் ஆட்டத்தில் பார்த்தால், துணியின் சாயம் ஏறி வெள்ளை எண் ரோஜா நிறமாகியிருந்தது. 8 என்ற எண் பாதி உரிந்து 3 ஆகியிருந்தது. பதினான்கையும் எங்கள் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தோம்.

பணம் போனது பெரிதல்ல. அந்தப் பிள்ளைகளின் வீடுகளில்தான் மாத மளிகை எங்களிடம் வாங்குகிறார்கள். பனியனில் கெட்ட பெயர் வாங்கினால் பருப்பும் விற்காது. பக்கத் தொழிலில் இறங்கும் ஒவ்வொரு மளிகைக்காரரும் பணயம் வைப்பது இயந்திரத்தின் விலையை அல்ல. அப்பா காலத்திலிருந்து சேர்த்த பெயரை.

அன்று கற்றுக்கொண்ட பாடங்கள் இவை:

1. பருத்திக்குச் சுமார் 150 டிகிரி செல்சியஸ், பத்து முதல் பதினைந்து நொடி. பாலியஸ்டருக்கு அதைவிடக் குறைந்த சூடு. வினைலுக்கு வினைல் மாறும். சுருளோடு வரும் குறிப்பே முடிவானது.

2. ஒட்டுமுன் வெறும் பனியனை ஐந்து நொடி அழுத்தி ஈரத்தையும் சுருக்கத்தையும் போக்க வேண்டும்.

3. எழுத்தின் மேல் விளிம்பு கழுத்துப்பட்டைக்கு நான்கு விரல் கீழே இருந்தால் பார்வையாக இருக்கும்.

4. தாங்கு தாளைச் சூட்டோடு உரிப்பதா, ஆறிய பின் உரிப்பதா என்பதும் வினைலைப் பொறுத்தது. உரித்த பின் மேலே ஒரு தாளை வைத்து மறுபடி சில நொடி அழுத்துவது நல்லது.

5. 24 மணி நேரம் துவைக்கக் கூடாது. பிறகு உட்புறம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும். எழுத்தின் மேல் நேராக இஸ்திரி போடக் கூடாது. இதைச் சீட்டில் அச்சிட்டுப் பையோடு கொடுங்கள்.

6. எந்தப் புதுத் துணியானாலும் ஒன்றை ஒட்டி, நம் வீட்டில் ஐந்து முறை துவைத்துப் பார்த்த பிறகே ஆர்டர் எடுங்கள்.

இன்னொன்று மளிகைக் கடைக்கே உரியது. மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் பறக்கும் இடத்தில் வெள்ளைப் பனியனை விரிக்கக் கூடாது. தீப்பெட்டியும் கற்பூரமும் அடுக்கிய அலமாரிக்கு அருகே சூட்டு இயந்திரம் வேண்டவே வேண்டாம். மின்சாரத்துக்குத் தனி ஒயரும் 15 ஆம்பியர் பிளக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கும் கண்டிப்பும்

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு; விலைகளை அவரவர் விசாரித்து மாற்றிக்கொள்ளலாம். பனியன் 140 ரூபாய், வினைல் 35, வெட்டுக்கூலி 25, மின்சாரம், பை முதலிய சில்லறைச் செலவு 15, ஆக 215. இதை 280-க்குக் கொடுத்தால் 65 ரூபாய் நிற்கும். பத்துக்கு 650. அரை நாள் வேலைக்கு இது மோசமில்லை. ஆனால் ஒரே ஒரு பனியன் கெட்டால் 215 போகிறது; லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஆகவே முன்பணம் பாதி, எழுத்துப் பிழை பார்த்துக் கையெழுத்து, மீதிப் பணம் கையில் வந்த பிறகு சரக்கு. பருப்பைத் திருப்பி எடுத்து வேறொருவருக்கு விற்கலாம். "மாப்பிள்ளை டீம்" என்று எழுதிய பனியனை யாருக்கு விற்பது? நூறு உருப்படி கேட்டு வருபவரை ஸ்கிரீன் பிரிண்டிங்காரரிடம் அனுப்பி வைத்து, தரகு பேசிக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்களின் முத்திரையோ, கிரிக்கெட் அணியின் சின்னமோ கேட்டால் மறுத்துவிடுங்கள். அடுத்தவர் வணிகச் சின்னத்தைப் போலியாகப் பொறித்து விற்றால், 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. படங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. 650 ரூபாய் லாபத்துக்கு அந்தத் தலைவலி எதற்கு? ஊர்ப் பெயர், கோயில் பெயர், குழுவின் பெயர் இவையே நமக்குப் போதுமான சரக்கு.

கடைசியாக ஒன்று. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. கைப்பழக்கத்துக்கு முதலில் நம் கடைப் பெயரைத் துணிப்பைகளில் ஒட்டிப் பார்க்கலாம். பிழையானால் நம்மோடு போகும். சரியானால் நல்ல வாடிக்கையாளர் கையில் நம் பெயர் சந்தைக்கும் போய் வரும்.

ஆயிரம் பனியன் அடிப்பவர் திருப்பூரில் இருக்கட்டும். பத்துப் பனியன் வேண்டும் என்று தயங்கி நிற்கும் நம் தெருப் பிள்ளைக்கு, "வா தம்பி, உட்கார், என்ன எழுத வேண்டும் சொல்" என்று கேட்க ஒரு கடை வேண்டும். அது நம் கடையாக இருக்கட்டும் என்று வேண்டுகிறோம்.