காற்றை வேலைக்கு வைப்போம்!



காற்று நம்மை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்துகிறது என்று அறிவியல் புத்தகத்தில் படித்தோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. ஆனால் அந்த ஒரு கிலோவை நம்மில் யாராவது வேலை வாங்கிப் பார்த்தோமா? கிட்டார் செய்கிறவர்கள் வேலை வாங்குகிறார்கள்! நாமும் வாங்கலாம் என்பது என் கருத்து.

கிட்டாரின் மேல்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையோடு அதை இழுக்கின்றன. பலகை வளைந்து போகாமல் இருக்க உள்ளே மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுவார்கள். ஸ்பெயினில் அந்தோனியோ தே தோரஸ் (1817–1892) என்பவர் இந்தச் சட்டங்களை விசிறி போல வைத்துப் பெயர் பெற்றார். ஒலிக்கு மேல்பலகைதான் முக்கியம் என்று காட்ட, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் அட்டையால் செய்து ஒரு கிட்டார் உருவாக்கினார்!

நம்ம தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைந்தே எடுக்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிட்டாரோ முழுக்க ஒட்டு வேலை. ஒரு சட்டம் சரியாக ஒட்டாவிட்டால் வாசிக்கும்போது 'கிர்ர்'னு சத்தம் வரும். பசை காயும்வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தணும். சாதாரண கிளாம்ப் பலகையின் நடுவுக்கு எட்டாது. காற்றுக்கு எட்டாத இடம் ஏது?

அதற்கான பிரஸ்ஸை நாமே செய்யலாம். சன்மைக்கா ஒட்டிய கனமான பிளைவுட் ஒன்று. அதில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய். பலகையையும் பசை தடவிய சட்டங்களையும் அதன்மேல் வைத்து, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகுத்தாள், காற்று வெளியேற வழியாகக் கொசுவலைத் துண்டு, எல்லாவற்றையும் மூடி ஒரு ரப்பர் ஷீட். ஓரங்களைக் காற்றுப் புகாமல் இறுக்கணும். காற்றை உறிஞ்சப் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரே போதும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, பழுதுபார்க்கும் கடையிலோ தேடினால் கிடைக்கும். அதில் உள்ளிழுக்கும் குழாயைப் பிரஸ்ஸோடு இணைத்து, வாயு நிரப்பும் சின்னக் குழாயை அடைத்துவிட வேண்டும்.

இப்போ கணக்கு. 50 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் பலகை என்றால் 2,000 சதுர சென்டிமீட்டர். முக்கால் பங்கு காற்றை எடுத்தாலே சுமார் 1,500 கிலோ அழுத்தம். இரண்டு மாருதி 800 கார்களைத் தூக்கி வைத்த மாதிரி! 1657-இல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஓட்டோ வான் குவெரிக் காற்றை எடுத்த இரண்டு அரைக்கோளங்களை 16 குதிரைகள் கட்டி இழுக்கச் செய்தாரே, அதே சக்திதான் இது.

"கரண்ட் சமாச்சாரம், ஆபத்தாச்சே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ வாயு தீப்பற்றக்கூடியது. அதனால் கழற்றுவது மெக்கானிக் வேலை, நம்ம வேலை இல்லை. வயரிங்கும் தெரிந்தவர்தான் செய்யணும். காற்றை மட்டும் இழுக்கும்போது கம்ப்ரஸர் சீக்கிரம் சூடாகும். விட்டு விட்டுத்தான் ஓட்டணும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, இதையெல்லாம் தெரிந்துகொண்டு செய்வதுதானே படிப்பு?

"ரெடிமேட் கிட்டார் கடையில் கிடைக்குதே" என்பார்கள். கிடைக்குது. ஆனால் இசை அறையில் சட்டம் பிரிந்து கிடக்கும் கிட்டாரைச் சரிசெய்ய அது உதவுமா?

இதற்கெல்லாம் நேரம் எங்கே? வாரம் இரண்டு கைத்தொழில் பீரியட் டைம்டேபிளில் இருக்கு. நடப்பதோ கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் நண்பர்களில் ஒருவனின் அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக், இன்னொருத்தியின் அப்பா தச்சர். அவர்கள் வீட்டில் இருக்கும் அறிவுக்கு வகுப்பறையில் ஒரு பீரியடும் இல்லை என்றால், அது அறிவே இல்லை என்றுதானே அந்தப் பிள்ளைகள் நினைப்பார்கள்? இந்தப் பிரஸ்ஸைச் செய்ய ஆரம்பித்தால் முதல் ரேங்க் வாங்குகிறவனும் அவர்களிடம்தான் சந்தேகம் கேட்கணும். அது நல்லதுதான்!

ஆசிரியர்களிடம் பணிவான வேண்டுகோள்: இரண்டும் வேண்டாம், ஒரு கைத்தொழில் பீரியடையாவது திருப்பிக் கொடுங்கள். காற்று இலவசம். கைகள் தயார். நேரம் மட்டும் நீங்கள் தர வேண்டும்.



— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்